காட்பாடி விலங்கியல் வகுப்பு: பாடம் அபாரம், நோட்ஸ் சுமார்

பி.ஜி. டி.ஆர்.பி. (முதுகலை ஆசிரியர் தேர்வு), நெட் (உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வு) எழுதுகிறவர்களுக்கான சனி ஞாயிறு வகுப்பு, காட்பாடி காந்தி நகரில் ஒரு மொட்டை மாடியில் நடக்கிறது. மேலே தகர ஷீட், வேலூர் வெயிலில் மதிய வகுப்பு எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. குறையும் சொல்லப்போவதால் பெயர் போடவில்லை.

கருவளர்ச்சி எடுக்கும் மேடத்துக்காகவே சேரலாம். மைட்டோகாண்ட்ரியாவை செல்லின் ஆற்றல் நிலையம் என்று ஒரே வரியில் முடிக்கிற ஆள் இல்லை. எலிக் கருமுட்டை இரண்டாகி, நாலாகி, எட்டாகும்போது உட்கரு டிஎன்ஏ ஒவ்வொரு தடவையும் இரட்டிக்கிறது, மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக இருக்கிற டிஎன்ஏவும் அப்படித்தானா என்று கேட்டார். பாதி வகுப்பு ஆமாம் என்றது. இல்லை! அம்மா முட்டையிலேயே லட்சத்துக்கும் மேல் பிரதிகளை வைத்து அனுப்பிவிடுகிறாள், கரு கர்ப்பப்பையில் பதியும் வரை பெரும்பாலும் அதையேதான் செல்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன, அதனால் ஒரு செல்லுக்கான எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. அப்புறம் சொந்தமாகப் பிரதி எடுத்தே ஆகவேண்டும். முடியாவிட்டால்? மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பராமரிக்கிற புரதத்துக்கான டிஃபாம் மரபணுவை நீக்கிய எலிக்கரு 10.5ஆம் நாளைத் தாண்டுவதில்லை, அந்த டிஎன்ஏவைப் பிரதி எடுக்கிற நொதியான பாலிமரேஸ் காமாவை நீக்கினால் 8.5ஆம் நாளுக்குள்ளேயே வளர்ச்சி நின்றுவிடுகிறது. எலிக்குப் பிரசவம் சுமார் 20ஆம் நாள், அதாவது அதிகபட்சம் ஏறக்குறைய பாதி வழிதான், ஓடிய நாட்களும் அம்மா கொடுத்த கையிருப்பில் ஓடியவைதான்.

அடுத்து அவர் காட்டிய இடம் தேர்வுக்கு ரொம்ப முக்கியம். மனித மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் 16,569 கார இணைகள், 37 மரபணுக்கள், அதில் 13தான் புரதத்துக்கு. தன்னைப் பிரதி எடுக்கிற பாலிமரேஸுக்கான மரபணுகூட அதில் கிடையாது, உட்கருவில்தான் இருக்கிறது. ஆகவே மைட்டோகாண்ட்ரியா நோய் என்றாலே தாய்வழி என்று உருப்போட்டவர்கள் மாட்டுவார்கள், பாலிமரேஸ் காமா மரபணுவின் கோளாறு அப்பா பக்கமிருந்தும் வரும்.

இதில் ஒரு வரிகூட நோட்ஸில் இல்லை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த தாள், படமெல்லாம் கறுப்புத் திட்டு, அதற்குத் தனிக் காசு வேறு. சூழலியல் எடுப்பவர் அந்தத் தாளையே வாசித்துவிட்டுப் போகிறார். கட்டணம் மொத்தமாக முதலிலேயே கட்டவேண்டும், பாதியில் நின்றால் திரும்ப வராது.

குடியாத்தம், ஆம்பூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மாலை வகுப்பைத் தவிர்த்துவிடுங்கள், சொன்ன நேரத்துக்கு என்றைக்கும் விடுவதில்லை. கருவளர்ச்சிக்கு மட்டும் தனியாகவும் சேர்த்துக்கொள்கிறார்கள், நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள்.