நிக்கான் டி850: ஆறு வருடம், ஒன்றரை லட்சம் கிளிக்

முதல் ஆறு மாதம் இந்தக் கேமராவில் நான் எடுத்த படங்களை இப்போது திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் லேசாக ஆடியிருக்கும். அப்போது லென்ஸ்மேல்தான் சந்தேகம், சர்வீசுக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். உண்மையில் மாற வேண்டியிருந்தது என் கைப்பழக்கம்.

அதற்கு முன் என்னிடம் இருந்தது டி700, 12 மெகாபிக்சல். இதில் 45.7. இரண்டுமே ஃபுல் ஃப்ரேம், அதாவது படம் விழும் சென்சார் பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு, ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஒரு பிக்சலின் அகலம் 8.45 மைக்ரானிலிருந்து 4.35 மைக்ரானாகச் சுருங்கிவிட்டது. கை அதே அளவு ஆடினாலும் அந்த ஆட்டம் முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பிக்சல்கள்மேல் பரவும். நுண்ணிய விவரங்களை லேசாக மழுக்கும் லோ-பாஸ் ஃபில்டரும் கிடையாது என்பதால் கூர்மை எவ்வளவு அழகாகத் தெரிகிறதோ, தவறும் அவ்வளவு தெளிவாகத் தெரியும். 200 எம்எம் லென்ஸுக்கு 1/200 நொடி போதும் என்ற பழைய கணக்கை விட்டுவிட்டேன், கையில் பிடித்து எடுத்தால் 1/400-க்குக் கீழே போவதில்லை. சின்ன பிரிண்ட்டில் இந்த வித்தியாசம் தெரியாது, சரி. ஆனால் பெரிதாகப் போடவும், ஓரத்தை வெட்டிவிட்டு நடுவை மட்டும் எடுத்துக்கொள்ளவும்தானே இத்தனை பிக்சல்!

டிரைபாடில் வைத்து மெதுவான ஷட்டரில் எடுப்பவர்கள் மிரர்-அப்பும் (உள்ளிருக்கும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவைப்பது) எலக்ட்ரானிக் முன்திரை ஷட்டரும் (திரை அசையாமலே படத்தைத் தொடங்குவது) சேர்த்துப் பழகுங்கள், இரண்டும் கேமராவின் அதிர்வைக் குறைக்கும். முன்திரை ஷட்டரை மெனுவுக்குள் போய் ஒருமுறை ஆன் செய்தால் போதும்.

அடுத்து ஃபோகஸ். இது போன்ற எஸ்எல்ஆரில், அதாவது கண்ணாடி வழியாக வியூஃபைண்டரில் பார்க்கும் கேமராவில், ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, அது கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. படம் விழும் சென்சார் வேறு. இரண்டுக்கும் ஒளி வரும் பாதை வேறு வேறு என்பதால் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும், லென்ஸை அகலமாகத் திறந்து எஃப்/1.8-ல் எடுக்கும் முகத்தில் கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதோரம் போய் விழும். என் 85 எம்எம் லென்ஸில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. டி850-ல் இதற்குத் தானியங்கித் திருத்தம் உண்டு: டிரைபாடில் நிறுத்தி, லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து எடுக்கும் முறை) ஃபோகஸ் செய்து, ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) மோட் பட்டனையும் வீடியோ பட்டனையும் இரண்டு நொடிக்கு மேல் சேர்த்து அழுத்தினால் கேமராவே வித்தியாசத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஒரே தடவையில் வரும் எண்ணை நம்ப வேண்டாம். ஐந்தாறு முறை செய்து சராசரியை எடுத்துக் கையால் பதிவு செய்தேன், அன்றிலிருந்து அந்த லென்ஸ் வேறு லென்ஸ் மாதிரி. இந்தக் கேமராவை வாங்கிய எல்லோரும் முதல் வாரமே செய்ய வேண்டிய வேலை இது.

இனி நான் இதை ஏன் விடாமல் வைத்திருக்கிறேன் என்பதற்கு வருகிறேன்: ஐஎஸ்ஓ 64. ஐஎஸ்ஓ என்பது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனின் அளவு. பெரும்பாலான கேமராக்கள் 100-ல் தொடங்கும், இது 64-ல். விடியற்காலையில் வானம் பளிச்சென்றும் தரை இருட்டாகவும் இருக்கும் காட்சியில் வானம் வெளுத்துப்போகாதபடி எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் நிழல் பகுதியை நாலு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) தூக்கியிருக்கிறேன். பாறையின் வரிகளும் புல்லும் நிறம் மாறாமல் எழுந்து வரும். ஆனால் வெளுத்த இடம் வெளுத்ததுதான், திரும்பி வராது. அதனால் ஹைலைட்டுக்கு, அதாவது மிகப் பளிச்சென்ற பகுதிக்கு, முன்னுரிமை தரும் மீட்டரிங்கையே (ஒளியை அளக்கும் முறை) வெளியில் எப்போதும் போட்டு வைத்திருக்கிறேன். அந்த மாதிரிக் காலையில் எடுத்த ரா ஃபைலை (கேமரா மெருகேற்றாமல் தரும் மூலப் பதிவு) திறக்கும் சுகத்துக்காகவே இதன் கனத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

கனம் என்றால் லென்ஸ் இல்லாமல், பேட்டரியும் கார்டும் சேர்த்துப் பாடி 1005 கிராம். 70-200 எஃப்/2.8 மாட்டினால் இரண்டரை கிலோவை நெருங்கும், நாள் முழுக்கத் தோளில் இருந்தால் மறுநாளும் தெரியும். தரம் இழக்காத லாஸ்லெஸ் முறையில் சுருக்கிய 14 பிட் ரா ஃபைல் ஒன்று 50 எம்பி அளவில் வரும், ஆயிரம் படம் எடுத்தால் 50 ஜிபி, பேக்கப் சேர்த்தால் நூறு. பறவைக்குப் பின்னால் ஓடினால் அரை நாளில் ஆயிரம் தாண்டும். அன்றே உட்கார்ந்து தேவையில்லாததை அழிக்கும் பழக்கம் இல்லாவிட்டால் ஹார்டு டிஸ்க் வாங்கி மாளாது.

பேட்டரி பற்றிக் குறையே இல்லை. அறிவித்த கணக்கு 1840 படம், தொடர்ச்சியாக எடுக்கும் நாளில் எனக்கு அதற்கு மேலும் வந்திருக்கிறது. இருட்டு மேடையில் பட்டன்களுக்கு வெளிச்சம் வருவது சின்ன விஷயம்தான், ஆனால் அதைப் பழகியவருக்கு வேறு கேமரா பிடிக்காது. இசை நிகழ்ச்சிகளில் லைவ் வியூவின் சத்தமில்லாத ஷட்டர் பெரிய உதவி. ஆனால் அந்த ஷட்டரில் சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தில் கோடு கோடாக விழும், வேகமாக அசையும் கை வளைந்தும் தெரியும். முதலில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். லைவ் வியூ ஃபோகஸ் கான்ட்ராஸ்ட் முறையில் வேலை செய்வதால் ஓடுகிறவர்களைப் பிடிக்க உதவாது, வீடியோ முக்கியம் என்றால் இது உங்களுக்கான கேமரா இல்லை.

மெமரி கார்டு ஸ்லாட் இரண்டு. ஒன்று எக்ஸ்க்யூடி, மற்றது எஸ்டி. ஒரு நாட்டிய நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு கார்டு படிக்கவே இல்லை, என்ன செய்தும் திறக்கவில்லை. இரண்டிலும் பதிவாகும்படி வைத்திருந்ததால் ஒரு படம்கூடப் போகவில்லை. அப்படி வைத்தால் வேகம் மெதுவான கார்டின் வேகத்துக்கு இறங்கும். இறங்கட்டும், திரும்ப நடக்காத நிகழ்ச்சியில் வேகத்தைவிடப் படம் முக்கியம்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு ஏன் மாறவில்லை என்று கேட்கிறார்கள். 2023-ல் வந்த நிக்கானின் மிரர்லெஸ் இசட்8-லும் இதே 45.7 மெகாபிக்சல், கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், அதுவும் ஃப்ரேமின் ஓரம் வரை. டி850-ன் 153 ஃபோகஸ் புள்ளிகள் நடுப்பகுதியில்தான் குவிந்திருக்கின்றன, கண்ணைத் தேடும் வேலையும் வியூஃபைண்டரில் நம்முடையது. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் மிரர்லெஸ் என்றே சொல்வேன். எனக்கு அந்தப் பெரிய கண்ணாடி வியூஃபைண்டரில், திரை வழியாக இல்லாமல், எதிரில் இருக்கும் ஒளியையே பார்த்து எடுப்பது வேண்டும். கேமராவை ஆன் செய்யாமலே கண்ணருகில் வைத்து ஃப்ரேமை யோசிக்கலாம்.

பழையது வாங்க நினைப்பவர்கள் ஷட்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஷட்டர் 2 லட்சம் கிளிக் வரை சோதிக்கப்பட்டது, ஆனால் குறைவாக ஓடியதும் ஈரத்தில் கிடந்திருக்கலாம். உங்கள் லென்ஸைக் கொண்டுபோய் மாட்டி, ஒரே பொருளை வியூஃபைண்டரில் ஒருமுறை, லைவ் வியூவில் ஒருமுறை எடுத்து ஒப்பிடுங்கள். பிறகு எஃப்/16-ல் வெறும் வானத்தை ஒரு படம், சென்சாரில் தூசியோ கறையோ இருந்தால் அதில் தெரிந்துவிடும். இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டுப் பதிவாகிறதா என்றும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.