பொதுப் பள்ளியா, பங்குப் பள்ளியா, வீட்டுக்கல்வியா: டெக்சஸில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் கணக்கு

அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் கத்தோலிக்கப் பெற்றோருக்கு மூன்று வழிகள் உண்டு. காசு கேட்காத பொதுப் பள்ளி, கோவிலைச் சேர்ந்த சபை (பங்கு) கட்டணம் வாங்கி நடத்தும் பங்குப் பள்ளி, அப்புறம் வீட்டுக்கல்வி. நாங்கள் மூன்றையும் விசாரித்து, நேரில் போய்ப் பார்த்து, இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்கவைக்க முடிவு செய்தோம். இது எல்லாருக்கும் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். யாருக்கு எது பொருந்தும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

பொதுப் பள்ளியைக் குறைத்துப் பேசும் பழக்கம் வீட்டுக்கல்விக் குடும்பங்களில் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசலுக்கே மஞ்சள் பேருந்து வருகிறது, நல்ல நூலகம் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பேச்சு தாமதமாகும் பிள்ளைக்கும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் 1975-இல் வந்த மத்திய அரசுச் சட்டத்தின்படி இலவசமாகச் சிறப்புக் கல்வி தர வேண்டிய கடமை அதற்கு இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அந்த உதவி தேவை என்றால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். விசுவாசத்துக்கு அங்கே வழியில்லை. அதற்கு வாரம் ஒரு முறை பங்கில் நடக்கும் மறைக்கல்வி வகுப்புதான். அங்கே தன்னார்வலர்கள் மனதார உழைக்கிறார்கள். ஆனால் வருகைப்பதிவு, செபம், ஒரு பாடம், கொஞ்சம் வண்ணம் தீட்டல் என்று அந்த ஒரு மணி நேரம் ஓடிவிடும். இரவில் குடும்ப செபமாலை நடக்கும் வீட்டுக்கு அது போதும். நடக்காத வீட்டுக்குப் போதாது.

பங்குப் பள்ளியின் கதை வேறு. 1884-இல் பால்டிமோர் நகரில் பொதுச்சங்கமாகக் கூடிய அமெரிக்க ஆயர்கள், கோவிலுக்குப் பக்கத்திலேயே பள்ளி கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார்கள். குடிபெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்களின் காசிலும், ஏறக்குறைய சம்பளமே வாங்காத கன்னியரின் உழைப்பிலும் அந்தப் பள்ளிகள் வளர்ந்தன. எல்லாப் பிள்ளையும் பொதுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று ஆரிகன் மாநிலம் 1922-இல் சட்டம் போட்டபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் ஒரு கன்னியர் சபையினர். 1925-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பானது. பிள்ளை அரசின் சொத்து இல்லை, அதை வளர்த்து வழிநடத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று சொன்ன அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் இன்று வீட்டுக்கல்விக் குடும்பங்களும் நிற்கின்றன.

1960-களில் இந்தப் பள்ளிகளில் 50 லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் படித்தார்கள். இன்று 17 லட்சம் அளவுதான். கன்னியர் குறைந்தார்கள், துறவிகள் அல்லாத பொதுநிலை ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது, கட்டணம் ஏறியது. தொடக்கப் பள்ளிக்கே ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஏழாயிரம், எட்டாயிரம் டாலர் என்பது இப்போது சாதாரணம். 2025-இல் டெக்சஸ் நிறைவேற்றிய கல்விச் சேமிப்புக் கணக்குச் சட்டம், தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பத்தாயிரம் டாலர் அளவிலும், வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அதிகபட்சம் 2,000 டாலரும் தருகிறது. ஒதுக்கிய பணத்துக்கு வரம்பு இருப்பதால் கேட்கிற எல்லாருக்கும் கிடைக்காது.

பணம் இருந்தால் எனது முதல் தேர்வு நல்ல பங்குப் பள்ளிதான். நல்ல என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். விளம்பரத் தாளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாரநாளில் நடக்கும் பள்ளித் திருப்பலிக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து செபிக்கிறார்களா, இல்லை வரிசையை ஒழுங்குபடுத்துவதோடு சரியா என்று பாருங்கள். நாங்கள் பார்த்த பள்ளிகளில் ஒன்று மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு பிள்ளைகளின் கட்டணம் எங்கள் ஒற்றைச் சம்பளத்துக்கு எட்டவில்லை.

இனி வீட்டுக்கல்வி. டெக்சஸில் சட்டச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. வீட்டுப்பள்ளியும் தனியார் பள்ளிதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் தீர்ப்பளித்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு, இந்த ஐந்தும் இருக்க வேண்டும். பள்ளியில் ஏற்கெனவே சேர்த்திருந்தால் விலகல் கடிதம் கொடுத்தால் போதும். நியூயார்க்கில் இருக்கும் குடும்பத்துக்கு இது நடக்காது. அங்கே ஆண்டுத் திட்டம், மூன்று மாத அறிக்கைகள், ஆண்டு மதிப்பீடு எல்லாம் உண்டு. பென்சில்வேனியாவில் பிள்ளையின் வேலைகளைக் கோப்பாகத் தொகுத்து ஒரு மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். ஆகவே வேறு மாநிலத்து நண்பர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஊரிலிருந்து மாமியார் தொலைபேசியில் கேட்டார்: “ஏம்மா, பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வச்சிருக்கீங்களாமே, சாமியார் ஒண்ணும் சொல்லலையா?” கன்னியர் பள்ளியில் படித்து வளர்ந்தவர், கேட்பது நியாயம். திருச்சபைச் சட்டம் 793, பிள்ளைகளுக்குக் கல்வி தரும் கடமையும் உரிமையும் பெற்றோருடையவை என்கிறது. கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளியில் சேருங்கள், முடியாவிட்டால் அந்தக் கல்வி வேறு வழியில் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது 798. இதைச் சொன்னதும், “அப்ப சரி, மந்திரங்கள தமிழ்ல சொல்லிக்குடு” என்றார்.

வீட்டுக்கல்வி என்று முடிவெடுத்த பிறகுதான் உண்மையான ஒப்பீடு தொடங்குகிறது. நாங்கள் கடைசிவரை தள்ளாடியது இரண்டு கத்தோலிக்க வீட்டுக்கல்வித் திட்டங்களுக்கு நடுவே. ஒன்று வர்ஜீனியாவின் ஃப்ரன்ட் ராயலில் 1980-இல் தொடங்கிய சீட்டன். மற்றது கலிபோர்னியாவின் மதர் ஆஃப் டிவைன் கிரேஸ். சீட்டனில் புத்தகங்கள் பெட்டியில் வீட்டுக்கு வந்துவிடும், நாள்வாரியாகப் பாடத்திட்டம் இருக்கும், தேர்வுகளை அவர்களே திருத்தித் தருவார்கள். எழுத்துக்கூட்டல் பயிற்சி நூலைத் திறந்தால்கூட ஒரு பக்கத்தில் மாதாவின் ஓவியம், எதிர்ப்பக்கத்தில் சொற்பட்டியல். இலக்கணப் பயிற்சியின் வாக்கியங்களில் புனிதர்கள் வருகிறார்கள். குறை என்னவென்றால் தாள்வேலை அதிகம். ஓரிடத்தில் உட்காராத பிள்ளையைப் பக்கம் பக்கமாக எழுதவைப்பது பெரிய போராட்டம்.

மதர் ஆஃப் டிவைன் கிரேஸ் செவ்வியல் மரபைப் பின்பற்றுகிறது. சின்ன வயதில் கவிதை மனப்பாடம், கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், பால்டிமோர் மறைக்கல்வி நூலின் கேள்வி-பதில், பிறகு லத்தீன். நம் பாட்டிமார் சின்னக் குறிப்பிடம் என்ற மறைக்கல்வி நூலை ஒப்பித்துப் படித்த முறைக்கு இது மிக நெருக்கம். பிள்ளைக்குத் தக்கபடி பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் முழு நேரமும் தாய் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கோல்பே என்ற திட்டத்தையும் பார்த்தோம். வாசிப்பு கனமானது, பெரிய வகுப்புகளுக்கு ஏற்றது என்று தோன்றியதால் அப்போதைக்கு ஒதுக்கி வைத்தோம்.

எங்களுக்கு மதர் ஆஃப் டிவைன் கிரேஸ்தான் சரிப்பட்டது. மூத்தவள் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வாள், எழுதச் சொன்னால் அழுவாள். நான் கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாவில் இருக்கிறேன், வேலை அனுமதி இல்லை, அதனால் பகல் முழுதும் வீட்டில்தான். இந்த வசதி இல்லாத வீட்டில், தாயும் தந்தையும் வேலைக்குப் போய்க்கொண்டு, பக்தி இருக்கிறது என்பதற்காக மட்டும் வீட்டுக்கல்வியில் இறங்க வேண்டாம். பக்தியால் பின்னக் கணக்கு நடத்த முடியாது, அதற்கு ஆள் வேண்டும். தந்தை ஒரு பாடத்தையாவது முழுதாக ஏற்காவிட்டாலும் தொடங்காதீர்கள். எங்கள் வீட்டில் கணக்கும் அறிவியலும் அவருடையவை, இரவு சாப்பாட்டுக்கு முன்னால் நடக்கும்.

கிடைத்தது நிறைய. காலை வாரநாள் திருப்பலிக்குப் போக முடிகிறது. தமிழ், வார இறுதியின் களைப்பில் தொடும் பாடமாக இல்லாமல், பதினொரு மணி வகுப்பாக ஆனது. வேளாங்கண்ணி மாதாவின் திருநாளான செப்டம்பர் 8 எங்கள் வீட்டுப் பள்ளிக்கு விடுமுறை.

இழந்ததும் உண்டு. தெருப் பிள்ளைகள் பேருந்து ஏறும்போது ஜன்னலில் நின்று பார்க்கும் என் பிள்ளையின் முகம் எனக்கு வலிக்கிறது. வாரம் ஒரு நாள் பங்கு மண்டபத்தில் கூடும் வீட்டுக்கல்விக் குடும்பங்களோடு சேர்ந்தது கொஞ்சம் ஈடு செய்கிறது, முழுதாக இல்லை. முதல் நற்கருணைத் தயாரிப்பை மட்டும் பங்கிலேயே விட்டிருக்கிறோம். அந்தப் பங்கின் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து மூத்தவள் வரிசையில் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

எட்டாம் வகுப்பு வரை இப்படியே போகலாம் என்று இருக்கிறோம். அதன் பிறகு வேதியியல் ஆய்வகமும் விளையாட்டு அணியும் தேவைப்படும்போது மறைமாவட்ட உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம். அதன் கட்டணத்துக்காக இப்போதிருந்தே மாதாமாதம் தனியாகச் சேர்த்து வருகிறோம்.