கமெண்ட் பாக்ஸை இழுத்து மூடுறதா, ஆள் போட்டு மேய்க்கிறதா?

நியூஸ் சைட்ல செய்தி படிச்சு முடிச்சிட்டு கொஞ்சம் கீழ எறங்குனா போதும், மழை செய்தியோ மாம்பழ விலையோ, மூணாவது கமெண்ட்ல சாதி வந்துடும், அஞ்சாவதுல ஒருத்தன் இன்னொருத்தன பாகிஸ்தானுக்கு அனுப்பிட்டு இருப்பான். இது நம்மூர் வியாதி மட்டும் இல்ல. உலகம் பூரா சைட்டு நடத்துறவங்க இதுல மண்டைய ஒடச்சிக்கிட்டு ஆளுக்கொரு வழி பாத்திருக்காங்க. எது தேறுச்சு, எது தேறலன்னு பாப்போம்.

ஒண்ணு, ஒரேடியா மூடிடுறது. பாப்புலர் சயின்ஸ்ங்கற அமெரிக்க அறிவியல் பத்திரிகை 2013லயே மூடுனாங்க, கீழ இருக்குற கேவலமான சண்டையப் படிச்சா மேல இருக்குற அறிவியலையே ஜனங்க வேற மாதிரி எடுத்துக்குறாங்கன்னு வந்த ஆய்வைக் காட்டி. அமெரிக்க பொது வானொலி என்பிஆர் 2016 ஆகஸ்ட்ல மூடுனப்போ ஒரு கணக்கு சொன்னாங்க, அதத்தான் எல்லாரும் படிக்கணும். அந்த ஜூலை மாசம் சைட்டுக்கு வந்தவங்க கிட்டத்தட்ட 3.3 கோடி பேர். கமெண்ட் 4,91,000. எழுதுனவங்க வெறும் 19,400 பேர்! நூத்துக்கு 0.06. இதத்தான் நாம மக்கள் கருத்துன்னு நெனச்சு பிபி ஏத்திக்குறோம்.

மூடுனா செலவு மிச்சம், சரி. ஆனா சண்டை எங்கயும் போகல, பேஸ்புக்குக்கு ஜாகை மாத்திக்கிச்சு, அவ்ளோதான். அங்க போனா பொறுப்பு இல்லன்னு நெனச்ச பத்திரிகைகளுக்கு 2021ல ஆஸ்திரேலியால ஆப்பு. உங்க பேஸ்புக் பக்கத்துல எவனோ போடுற அவதூறுக்கு நீங்களும் பொறுப்புதான்னு அந்த நாட்டோட உச்ச கோர்ட்டே சொல்லிடுச்சு. சிஎன்என் தன்னோட பேஸ்புக் பக்கமே அங்க தெரியாம பண்ணிட்டாங்க. போதாததுக்கு, ஐயா அந்த ஊர் இந்த மாவட்டத்துலயே இல்லன்னு பொறுமையா திருத்துறவரும் கதவு சாத்துனா வெளிய போயிடுறார், எனக்கு வருத்தம் அதுலதான்.

ரெண்டாவது, சொந்தப் பேர்ல வா. நம்மாளுங்க டீக்கடையில அடிக்கடி சொல்ற யோசனை, ஆதாரோட இணைச்சா அடங்கிடுவானுங்கன்னு. தென்கொரியா 2007ல சட்டமே போட்டுப் பாத்துச்சு, பெரிய சைட்டுல கமெண்ட் போடணும்னா தேசிய அடையாள நம்பர வச்சு யாருன்னு உறுதி பண்ணணும். வசவு பெருசா கொறையல. ஆனா எல்லார் நம்பரும் சைட்டுக்காரன் கைல குவிஞ்சிச்சு, 2011ல ஒரே ஹேக்கிங்ல 3.5 கோடி பேரோட விவரம் வெளிய போச்சு, அடுத்த வருஷம் அரசியல் சாசன நீதிமன்றம் ஒருமனதா சட்டத்தையே தூக்கிப் போட்டுடுச்சு. டெக்கிரஞ்ச்ங்கற அமெரிக்க டெக் செய்தி சைட் 2011ல பேஸ்புக் கணக்கு இருந்தாத்தான் கமெண்ட்னு வச்சாங்க, 2013ல அதையும் எடுத்துட்டாங்க, ஏன்னா நல்லா எழுதுனவங்களே வர்றத நிறுத்திட்டாங்க. நம்ம பேஸ்புக்ல பாருங்க, கல்யாண போட்டோவ முகப்புல வச்சுக்கிட்டே எவ்ளோ கேவலமா எழுதுறானுங்க. வெக்கப்படுறவனுக்குத்தான் பேரால பயம்.

மூணாவது, ஆள் போட்டுப் படிக்கிறது. நியூயார்க் டைம்ஸ் இதத்தான் பண்ணுச்சு, கமெண்ட் வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் படிப்பார். 14 பேர், ஒரு நாளைக்கு 11,000 கமெண்ட். அதனால பத்துல ஒரு கட்டுரைக்குத்தான் கமெண்ட்டே தொறக்க முடிஞ்சுது. 2017ல கூகுள் குடும்பத்து ஜிக்சாவோட சேந்து மெஷினையும் தொணைக்கு வச்சு இன்னும் நெறைய கட்டுரைகளத் தொறந்தாங்க. தரம்னு பாத்தா என் ஓட்டு இதுக்குத்தான், சில சமயம் கட்டுரைய விட கீழ இருக்குற நர்ஸோ வாத்தியாரோ எழுதுனது நல்லாருக்கும். ஆனா காசு வேணும். மெஷின மட்டும் நம்பி நம்ம சைட்டுக்குப் பொருத்துனா கத கந்தல், இங்கிலீஷ் எழுத்துல தமிழ் வசவு, நடுவுல ரெண்டு புள்ளி, ஒரு ஸ்டார், எந்த ஃபில்டர் புடிக்கும்?

நாலாவது, வாசல்லயே ஒரு சின்ன வேலை குடுக்குறது. நார்வே பொது ஒலிபரப்போட டெக் சைட் என்ஆர்கேபீட்டா 2017ல பண்ணது இது. கட்டுரையிலருந்தே மூணு கேள்வி, சரியா பதில் சொன்னாத்தான் கமெண்ட் பாக்ஸ் தொறக்கும். தலைப்ப மட்டும் படிச்சிட்டு பொங்குறவன் அங்கயே நின்னுடுவான், பதில் தேடுற நேரத்துல கோவமும் கொஞ்சம் எறங்கும். யார்னு கேக்கல, படிச்சியான்னு மட்டும் கேக்குது. படிச்சிட்டே திட்டுறவன் நொழைஞ்சிடுவான், நெஜந்தான், ஆனா அவன் எண்ணிக்கை கம்மி. அமெரிக்காவுல டேப்லெட்னு ஒரு பத்திரிகை 2015ல கமெண்ட் போட நாளைக்கு 2 டாலர்னு வச்சுது, அது எனக்குப் புடிக்கல, காசு இருக்குறவன் திட்டலாம்னு ஆயிடுது.

காசில்லாத தமிழ் சைட்டுக்கு நான் சொல்றது நாலாவதுதான், கூடவே தெனம் ரெண்டே செய்திக்கு மட்டும் கமெண்ட் தொறந்து அத ஒரு ஆள் முழுசா படிக்கணும். இன்னொண்ணு, லைக் அதிகமா வாங்குனது மேலன்னு அடுக்குறத மொதல்ல நிறுத்துங்க. தென்கொரியாவோட பெரிய தேடல், செய்தி சைட்டான நேவர்ல, தானாவே கிளிக் பண்ணிக்கிட்டு இருக்குற மேக்ரோ ப்ரோக்ராம் வச்சு அரசியல் கமெண்ட்டுக்கு லைக்க ஏத்துன கூட்டம் 2018ல மாட்டுச்சு, அந்தக் கேஸ்ல ஒரு மாகாண கவர்னருக்கே 2021ல 2 வருஷ ஜெயில் உறுதியாச்சு. இங்க அந்த வேலைக்கு ப்ரோக்ராம் கூட வேணாம், ஐடி விங் இருக்கு.