பெட்டிங் செய்யத் துப்பாக்கியைக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

விலை குறைந்த .22 ரைஃபிளை, "பெட்டிங் (bedding) செய்து பேரலை ஃப்ளோட் பண்ணித் தருகிறேன்" என்று சொல்லும் யாரிடமாவது ஒப்படைக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். என்னுடையதை ஒருவர் பாழாக்கித்தான் திருப்பிக் கொடுத்தார். காசு போனதைவிடப் பெரிய விஷயம், தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் சேஃப்டி நெம்புகோல் பாதியில் நின்றுவிட்டது. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இரும்புப் பகுதி) துப்பாக்கியின் மரக்கட்டையில் உட்காரும் இடத்தை எபாக்ஸியால் வார்த்து, ஆடாமல் பொருந்தச் செய்வது பெட்டிங். பேரல் கட்டையின் முன்பகுதியில் எங்கும் உரசாமல் விடுவது ஃப்ளோட்டிங். தெரிந்தவர் செய்தால் இரண்டும் நல்ல வேலைதான்.

வீட்டுக்கு வந்து ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ஆக்‌ஷன் அசையவே இல்லை. பசை ஒட்டாமலிருக்க முதலில் இரும்பின் மேல் மெழுகோ ஷூ பாலிஷோ பூசுவார்கள். அதை ஒழுங்காகச் செய்யவில்லை. ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டித்தான் பிரிக்க முடிந்தது. உள்ளே எபாக்ஸி முழுக்கக் குமிழ்க் குழிகள். ட்ரிகர் பின்னின் ஓட்டை, ஸ்க்ரூ துளை எல்லாவற்றையும் களிமண்ணால் அடைத்துவிட்டுத்தான் பசையை ஊற்ற வேண்டும். அடைக்காததால் சேஃப்டி நெம்புகோலின் பின்னால் தலைமுடி கனத்தில் ஓர் இழை இறங்கி இறுகிப்போயிருந்தது. இதைத்தான் அவர் "வேலை பக்கா" என்று சொல்லிக் கையில் கொடுத்தார்.

ஃப்ளோட்டிங் கதை வேறு. பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே தாள் தாராளமாக ஓடியது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டையின் முன்நுனியில் பேரலைத் தாங்கியிருந்த மேட்டை அவர் கேட்காமலே தேய்த்து எடுத்துவிட்டார். ஒரே ஒரு ஸ்க்ரூ பிடித்திருக்கும் மலிவு ரைஃபிள்களில் சில, அந்த மெல்லிய அழுத்தம் இருந்தால்தான் நன்றாகச் சுடும். ஆக்‌ஷனுக்கு அடியில் மெல்லிய அட்டைத் துண்டை வைத்துப் பேரலைச் சற்றே தூக்கிச் சுட்டுப் பார்த்தால், ஃப்ளோட் செய்வது பலன் தருமா என்று மரத்தைத் தொடாமலே ஓரளவு தெரிந்துவிடும். தேய்த்துவிட்டால் அப்புறம் அதைத் திரும்பக் கட்டுவது தனி வேலை. போதாக்குறைக்குத் தேய்த்த இடத்தில் வார்னிஷ்கூடப் போடவில்லை. வார்னிஷ் இல்லாத மரம் ஈரத்தை உறிஞ்சி வளைந்தால் பேரலில் மறுபடியும் உரசும்.

50 மீட்டரில் முன்பு ஓரளவு நெருக்கமாக விழுந்த குண்டுகள் இப்போது சிதறுகின்றன. கேட்டால், "மட்டமான துப்பாக்கிக்கு இவ்வளவுதான் வரும்" என்றார். எந்தத் தோட்டா போடுகிறேன், ஸ்கோப் மவுண்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று அவர் ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை. .22 ரைஃபிளுக்குத் தோட்டாவின் பிராண்டை மாற்றினாலே குரூப், அதாவது குண்டுகள் விழும் நெருக்கம், நன்றாக மாறும். முதலில் பார்க்க வேண்டியது அது. அதைக்கூடக் கேட்காததுதான் எனக்கு மிகவும் எரிச்சல்.

கொடுத்தே ஆக வேண்டுமென்றால், திரும்ப வாங்கும்போது உங்கள் கண் முன்னாலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுபடி மாட்டிய பிறகு, பேரலும் கட்டையும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். பேரல் எழும்புவது விரலில் தெரிந்தால், பெட்டிங் ஆக்‌ஷனை வளைத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சேஃப்டியைச் சோதிக்கும் முன் மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். காலி அறையில் அடித்தால், தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி அறையின் விளிம்பைச் சேதப்படுத்தும், அதனால் ஏற்கெனவே சுட்ட கேஸ் (வெற்றுத் தோட்டா உறை) ஒன்றை உள்ளே போடுங்கள். சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை இழுத்து விடுங்கள். பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். அப்போது ஊசி அடித்தால் அந்தத் துப்பாக்கியை அங்கிருந்து எடுத்து வராதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டார். இப்போது வேறொருவர் பழைய எபாக்ஸியைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார். முன்நுனி மேட்டையும் திரும்பக் கட்டித் தருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை ரைஃபிளைச் சுடப்போவதில்லை.