விபத்து இழப்பீட்டு வட்டிக் கணக்குக்கு ஈ-கோர்ட்ஸ் செயலி: எதுவரை நம்பலாம்?

மோட்டார் வாகன விபத்து வழக்கில் அவார்டு (தீர்ப்பாயத்தின் இழப்பீட்டு உத்தரவு) வந்ததும் எல்லோர் கண்ணும் அசல் தொகையில்தான் நிற்கும். ஐந்து ஆண்டு இழுத்த வழக்கில், 7.5 சதவீதம் என்றால், வட்டி மட்டுமே அசலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். அந்த வட்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை மனுதாரரே சரிபார்க்க, நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் ஈ-கோர்ட்ஸ் சர்வீசஸ் செயலியைவிட எளிய வழி இல்லை. ஆனால் வட்டி நிற்கும் தேதிக்கு அதை மட்டும் நம்பக்கூடாது.

ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள, 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் வழக்கு உடனே திறக்கும். அது கையில் இல்லையென்றால் மாவட்டம், நீதிமன்ற வளாகம், எம்.சி.ஓ.பி. எண் (விபத்து இழப்பீட்டு மனுவின் எண்), ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். முதலில் பார்க்க வேண்டியது, அங்கே தனித்தனியாக வரும் இரண்டு தேதிகள்: தாக்கல் தேதி, பதிவுத் தேதி. மனு திருப்பப்பட்டு, குறை நீக்கி, எண் பெறுவதற்குள் மாதங்கள் ஓடியிருக்கலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 171ஆம் பிரிவு, கோரிக்கை வைத்த தேதிக்கு முந்தாத ஒரு தேதியிலிருந்து வட்டி வழங்க இடம் தருகிறது. ஆகவே அவார்டின் கடைசிப் பத்தியை வரிக்கு வரி படியுங்கள். ‘மனு தாக்கல் தேதி முதல்’ என்றிருக்கும்போது கணக்கு மெமோவில் (நீதிமன்றத்தில் தரும் வட்டிக் கணக்குத் தாளில்) பதிவுத் தேதி ஏறியிருந்தால் அது நேரடி நஷ்டம். 10 லட்சம் அசலுக்கு 7.5 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி சுமார் 205 ரூபாய். தாக்கல் 2020 ஜனவரி 10, பதிவு 2020 ஜூலை 14 என்றால் இடைவெளி 186 நாள். போவது சுமார் 38,200 ரூபாய்.

செயலியின் அடுத்த பலம் வாய்தா வரலாறு. மனுதாரர் ஆஜராகாததால் வழக்கு தள்ளுபடியாகி, பிறகு மீண்டும் கோப்புக்கு எடுக்கப்பட்டிருந்தால், அந்த இடைக்காலத்துக்கு வட்டி கிடையாது என்று உத்தரவிலேயே எழுதிவிடுவது உண்டு. எதிர்த்தரப்பு மெமோவில் கழித்த நாள்கள் சரியா என்று பார்க்கத் தள்ளுபடித் தேதியையும் மீண்டும் எடுத்த தேதியையும் வாய்தாப் பட்டியலில் எடுத்துக்கொள்ளலாம். உத்தரவில் அப்படி ஒரு வரி இல்லாமலே நாள்களைக் கழித்திருந்தால் ஆட்சேபணை மெமோ போடுங்கள். மேல்முறையீடு போயிருந்தால் உயர் நீதிமன்றப் பகுதியில் தனியாகத் தேட வேண்டும். கூட்டிக் கொடுத்த தொகைக்கு வட்டி எந்தத் தேதியிலிருந்து என்பதை அந்தத் தீர்ப்பில்தான் பார்க்க முடியும்.

இனி குறை. வட்டி நிற்கும் தேதி டெபாசிட்டைப் பொறுத்தது. காப்பீட்டு நிறுவனம் எந்த நாளில் எவ்வளவு டெபாசிட் செய்தது என்ற கணக்கை இந்தச் செயலியில் முழுமையாக எதிர்பார்க்க முடியாது. பெரிய தொகை நழுவுவது இந்த இடத்தில்தான். டெபாசிட் மெமோவின் நகலையும், டெபாசிட் பற்றிய நோட்டீஸ் கையில் கிடைத்த தேதியையும் வக்கீலிடம் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

பகுதித் தொகை வந்திருந்தால் கழிக்கும் வரிசை முக்கியம். அவார்டு வேறு விதமாகச் சொல்லாதவரை, முதலில் வட்டி, பிறகு வழக்குச் செலவுத் தொகை, கடைசியில் அசல். குர்பிரீத் சிங் என்பவரின் நில எடுப்பு இழப்பீட்டு வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் விளக்கிய முறை இது. அசல் 10 லட்சம், சேர்ந்த வட்டி 3 லட்சம், வந்தது 8 லட்சம் என்று வையுங்கள். செலவுத் தொகையை இங்கே விட்டுவிடுவோம். சரியான கணக்கில் வட்டி தீர்ந்து, அசலில் 5 லட்சம் நிற்கும். அதற்கு ஆண்டு வட்டி 37,500 ரூபாய். எட்டு லட்சத்தையும் அசலில் கழித்தால் 2 லட்சத்துக்கு மட்டுமே வட்டி ஓடும், ஆண்டுக்கு 15,000. இணையத்தில் கிடைக்கும் சாதாரண வட்டிக் கணிப்பான் எதற்கும் இந்த வரிசை தெரியாது. கூட்டு வட்டி முறையில் போட்டு மிகையான தொகை கேட்பதும் தவறு. இது தனிவட்டிதான்.

வரிப் பிடித்தத்தையும் செயலி காட்டாது. நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டிய தீர்ப்பாய வட்டிக்குப் பிடித்தம் இருந்துவந்தது. தனிநபருக்கு இந்த வட்டியில் வரி விலக்கு என்ற அறிவிப்பு 2026 பட்ஜெட்டில் வந்தது. அதற்கு முந்தைய பிடித்தம் இருந்தால் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-இல் தேடுங்கள்.

செயலியில் இறக்கிய உத்தரவு சரிபார்க்க மட்டுமே. தொகையை வசூலிக்க நிறைவேற்று மனு போட அவார்டின் சான்றிட்ட நகல் வேண்டும். அதற்கான நகல் மனுவை அவார்டு வந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.