சிறுவர் ஜிபிஎஸ் கைக்கடிகாரம்: அழைப்புக்கு நன்று, வேவுக்கு வேண்டாம்

பத்து வயது மகனை நூலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் தனியாக அனுப்பத் தொடங்கியபோது, வீட்டாரின் கவலையைத் தணிப்பதற்காக, சிம் கார்டு போடக்கூடிய ஜிபிஎஸ் கைக்கடிகாரம் ஒன்றை இணையத்தில் வாங்கினோம். தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான்காயிரம் ரூபாய்க்குள் நான் பார்த்தவை எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன.

தொலைபேசி என்ற அளவில் இதைக் குறை சொல்ல முடியாது. நாம் பதிவு செய்த எண்களிலிருந்து மட்டுமே அழைப்பு வரும். பக்கவாட்டுப் பொத்தானைச் சற்று அழுத்திப் பிடித்தால் அம்மா, அப்பா, பாட்டி என்று வரிசையாக அழைப்பு போகும். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: மலிவான கடிகாரங்கள் சில 2ஜியில் மட்டுமே இயங்குபவை, ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது என்பதால் அந்த சிம் அவற்றில் வேலை செய்யாது.

இருப்பிடம் காட்டுவதில்தான் சிக்கல். மாடி வீடுகள் நெருக்கியடிக்கும், சென்னையின் மேற்கு மாம்பலம் போன்ற பகுதிகளில் ஜிபிஎஸ் தடுமாறுகிறது. அது கிடைக்காத இடத்தில் கடிகாரம் செல்போன் கோபுரத்தை வைத்து உத்தேசமாக ஓர் இடத்தைச் சொல்கிறது. தெருமுனை இஸ்திரி வண்டியருகே நின்று கதை பேசிக்கொண்டிருந்தவனை, ரயில் பாதைக்கு அப்பால் ரங்கநாதன் தெருவில் இருப்பதாகக் காட்டியது. நாங்கள் குறித்து வைத்திருந்த எல்லையைத் தாண்டிவிட்டான் என்ற எச்சரிக்கை வேறு. என் மனைவி செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

எண்பதுகளில் இதே தெருவில் வளர்ந்த நான், மண்ணெண்ணெய் டின்னோடு ரேஷன் வரிசையில் நின்றதும், பல்லவன் பேருந்தில் தொற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனதும், வாடகை சைக்கிளில் நடேசன் பூங்கா வரை சுற்றியதும் யாருடைய துணையும் இல்லாமல்தான். அதற்காக எங்களை யாரும் கண்காணிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். துரைசாமி சுரங்கப்பாதைச் சரிவில் கைகளை விட்டுச் சைக்கிள் ஓட்டினால், நான் வீடு சேருமுன்பே பெட்டிக்கடைக்காரர் மூலம் அப்பாவுக்குச் செய்தி போயிருக்கும். ஆனால் விழுந்தால் தூக்கிவிடவும் அந்தக் கடைக்காரரே வருவார். கடிகாரத்தால் செய்தி மட்டும்தான் சொல்ல முடியும், அதையும் பிழையாக.

பிள்ளைகள் தனியாக வெளியே போவது குறைந்தது நம் ஊரில் மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றார்கள் என்றும், 1990இல் அது 9 சதவீதமாகச் சுருங்கியது என்றும் ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. பெற்றோர் சொன்ன முதன்மைக் காரணம் வாகனப் போக்குவரத்து. ஆரிய கவுடா சாலையில் நடைபாதையிலேயே பைக் ஏறி வரும்போது கடிகாரம் என்ன செய்யும்? சாலையைக் கடக்க நான் கூடவே நடந்துதான் பழக்கினேன்.

பிள்ளைக்குத் தெரியாமல் சுற்றுப்புறப் பேச்சை ஒட்டுக்கேட்கும் வசதியும் இதில் உண்டு. அத்தகைய கடிகாரங்களின் விற்பனையை ஜெர்மனி 2017இல் தடை செய்தது. நாங்கள் அதையும் எல்லை எச்சரிக்கையையும் அணைத்துவிட்டோம். அதன்பிறகு மகனும் முணுமுணுக்காமல் கட்டிக்கொள்கிறான்.

சென்னை வெயிலில் ரப்பர் பட்டைக்கு அடியில் வேர்க்குரு வருவதால், துணிப் பட்டை மாற்றத் தோதானதாகப் பார்த்து வாங்குவது நல்லது. அழைப்புக்கு மட்டும் என்றால் வாங்கலாம். அதற்கு இந்த விலை சற்று அதிகம்தான்.