கொள்ளுப்பாட்டியின் கலியாணம்: இணையமா, ஜேபிஎன்னா, கோவில் புத்தகமா?

அம்மாவின் பாட்டிக்கு எங்கே, எந்த வருஷம் கலியாணம் நடந்தது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "பெனாங் ரோடு கோவில்லதான் தாலி கட்டுனாங்க" என்று பெரியம்மா மட்டும் அடித்துச் சொல்வார். அதை நம்பி எட்டு மாதம் அலைந்தேன். மூன்று வழியையும் தொட்டுப் பார்த்துவிட்டேன். என் ஓட்டு எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் ஞானஸ்நான, கலியாணப் புத்தகத்துக்குத்தான்.

ஜேபிஎன், அதாவது மலேசியத் தேசியப் பதிவுத் துறை பற்றி நான் நியாயம் பேச முடியாது, ஒரே ஒரு தடவை கவுன்டரில் கேட்டதோடு சரி. பெயரும் வருஷமும் கையில் இருப்பவர்களுக்கு அது தோதான வழியாக இருக்கலாம். எனக்கு இரண்டுமே சந்தேகம். ஆனாலும் கிறிஸ்தவ வீடு என்பதால் புரட்ட ஒரு புத்தகமாவது எங்களுக்கு உண்டு. என் மனைவி வீட்டார் இந்துக்கள். 1982 மார்ச் 1-க்கு முன்னால் வழக்கப்படி நடந்த கலியாணத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. அவர்கள் தாத்தா கலியாணத்துக்கு மிச்சம் ஒரு மங்கிய போட்டோதான்.

இணையத்தில் ஃபேமிலிசர்ச், பழைய குடும்பப் பதிவுகளைத் தேடும் தளம். காசு கிடையாது, ராத்திரி பதினொரு மணிக்கும் தேடலாம். சில படங்கள் மட்டும் வீட்டிலிருந்து திறக்காது, அவர்களுடைய மையத்துக்குத்தான் போகவேண்டும். அதுகூடப் பரவாயில்லை. நான் முட்டிக்கொண்டது பெயரில். கொள்ளுத் தாத்தா பெயர் அருளப்பன். அதை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று இல்லாததால், அட்டவணை போடுகிறவர்கள் அப்பன் பெயரை மகன் தலையில் கட்டிவிடும் கூத்தும் உண்டு.

பக்கத்து வீட்டு உபதேசியார் தாத்தாதான் முடிச்சை அவிழ்த்தார். "தம்பி, அருளப்பன்னு தேடுனா எப்படிக் கிடைக்கும்? வெள்ளைக்காரச் சாமியார் லத்தீன்லல்ல எழுதுவாரு. ஜோஆன்னெஸ்னு பாருங்க." அருளப்பன் என்றால் யோவான். அதே கணக்கில் ராயப்பன் பெத்ரூஸ், சின்னப்பன் பவுலூஸ், சூசை ஜோசெஃபூஸ். பாரிஸ் மிஷன் என்ற பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சபையின் குருக்கள் எழுதிய ஏட்டில் நம் ஆட்கள் இந்த வேஷத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கணினிக்கு இது தெரியாது. பழைய புத்தகத்தோடு பழகிய கண்ணுக்குத் தெரியும்.

இனி வருவதுதான் என்னைக் கோவில் பக்கம் சாய்த்தது. அது ஓரக்குறிப்பு. 1907-இல் ரோமாபுரியிலிருந்து 'நே தேமெரே' என்ற ஆணை வந்து, 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்தது. கலியாணத்தை மந்திரித்து நடத்திவைத்த சாமியார், மாப்பிள்ளையும் பெண்ணும் ஞானஸ்நானம் பெற்ற பங்குகளுக்கு, அதாவது அந்தந்த வட்டாரக் கோவில்களுக்கு, தகவல் அனுப்பவேண்டும். அங்கே ஞானஸ்நான ஏட்டில் அவரவர் பெயருக்கு நேரே கலியாணத்தைக் குறிக்கவேண்டும். ஒரு கோவிலில் கட்டினவன் இன்னொரு கோவிலில் போய் மறுபடி கட்டிவிடக் கூடாதே! ஆக, கலியாணம் எந்த ஊரில் நடந்ததென்று தெரியாவிட்டாலும், பிறந்த ஊர் தெரிந்தால் போதும்.

கொள்ளுப்பாட்டி பிறந்தது 1909, ஜார்ஜ்டவுனில். பெனாங் ரோடு புனித சவேரியார் கோவிலின் கலியாண ஏட்டில் அவர் இல்லவே இல்லை. ஞானஸ்நான ஏட்டில் இருந்தார். ஓரத்தில் பொடி எழுத்தில் 'மத்ரிமோனியும்' (லத்தீனில் கலியாணம்), 1927, புக்கிட் மெர்தாஜம். பாட்டியின் அப்பா அதற்குள் அந்தப் பக்கத் தோட்டமொன்றுக்கு மாறிப்போயிருக்கிறார். வருஷம் வருஷம் ஜூலைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏந்திப் போகிற அதே புனித அன்னம்மாள் கோவில்! அங்கே கலியாண ஏட்டைப் புரட்டச் சொன்னபோது, இரண்டு அப்பன்மார் பெயர், சாட்சிகள் இருவர், மாப்பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற பங்கு எல்லாம் இருந்தன. இணைய அட்டவணையில் ஓரக்குறிப்பு ஏறியிருக்குமா என்றால், நான் பார்த்த வரைக்கும் இல்லை.

கோவில் வழியிலும் சங்கடம் உண்டு. ஏட்டை நம் கையில் தரமாட்டார்கள், அவர்களேதான் புரட்டுவார்கள். "ஏதோ யுத்தத்துக்கு முந்தி" என்று போய் நின்றால் பாவம், அலுவலக அக்கா என்ன செய்வார்? ஐந்து வருஷத்துக்குள் சுருக்கி, உறவை நிரூபிக்கப் பிறப்புப் பத்திரங்களின் நகலோடு கடிதமாகக் கொடுங்கள். திருநாள் சமயத்தில் வேண்டாம். 1908-க்கு முந்தைய கலியாணத்துக்கு இந்த ஓரக்குறிப்பை நம்பிப் போகாதீர்கள். அப்போது பங்கு பங்காகக் கேட்பதுதான் கதி, அந்த அனுபவம் எனக்கு இன்னும் இல்லை.

கொள்ளுத் தாத்தா ஞானஸ்நானம் பெற்ற பங்கு கும்பகோணம் பக்கம். கடிதம் போட்டு மூன்று மாதம் ஆகிறது. பெரியம்மாவோ இன்னும் பெனாங் ரோடு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.